ஆசைக்கு வாணம் செய்யப் படிவம் இல்லை

கீரமங்கலத்துக்கு மேற்கே என் அண்ணனின் தென்னந்தோப்பில் ஒரு ஓட்டுக் கொட்டகை இருந்தது. அதன் முன்னால் மஞ்சள் பலகை. "அபாயம். வெடிபொருள். புகை பிடிக்காதீர். கைபேசிக்கு அனுமதி இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் உள்ளே வரக் கூடாது." கீழே அவசரத் தொடர்புக்கு அவருடைய பெயர், கைபேசி எண். சாலையில் சைக்கிளில் போகிறவர் இறங்காமலே படித்துவிடலாம். இருபது வருடங்களுக்கு மேல் மாவட்டச் செய்தியாளராக இருந்திருக்கிறேன். குற்றம் நடக்கும் இடத்தில், அதைச் செய்கிறவரே தன் பெயரையும் எண்ணையும் எழுதி மாட்டியிருந்ததை அங்கே மட்டும்தான் பார்த்தேன்.

குற்றம் என்றால் பெரிய குற்றமில்லை என்று அண்ணன் நினைத்தார். உரிமம் இல்லாமல் வாணம் செய்தார். விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. சும்மா, ஆசைக்கு. சட்டத்தில் "சும்மா" என்று ஒரு பிரிவு கிடையாது என்பதை அவருக்கு விளக்க மூன்று வருடம் முயன்றேன்.

அவர் வளைகுடாவில் ஓர் எண்ணெய் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதுதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. ஊருக்குத் திரும்பியபோது நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. முதல் வருடம் வீட்டு எரிவாயு ரப்பர் குழாயை நான்கு முறை மாற்றினார். அண்ணி பொறுத்துக்கொண்டார்.

அந்த வருடத் திருவிழாவில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு வகையறா ஏற்று நடத்தும். அதற்கு மண்டகப்படி என்று பெயர். ஆறாம் நாள் எங்களுடையது. சாமி புறப்படும்போது வாணவேடிக்கை உண்டு, யார் மண்டகப்படியில் அதிக நேரம் வெடித்தது என்பதை ஊர் அடுத்த திருவிழா வரை பேசும். அன்று வாணம் விட வந்தவர் வாயில் பீடியோடு வந்தார். அந்தப் பீடியாலேயே திரியைப் பற்றவைத்தார். பக்கத்தில் மீதிச் சரக்கு சாக்கில் திறந்து கிடந்தது. அண்ணன் சாமியைப் பார்க்கவில்லை. சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலைந்ததும் தங்கையான என்னிடம், "இப்படியா ஆத்தா செய்வாங்க? நான் செஞ்சு காட்டுறேன் பாரு" என்றார்.

செய்து காட்டுவதற்கு முன் முறைப்படி அனுமதி கேட்கக் கலெக்டர் அலுவலகம் போனார். நானும் கூடப் போனேன். அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா பொறுமையானவர்.

"எத்தனை பேர் வேலை பாப்பாங்க?"

"நான் மட்டுந்தாங்க."

"கடையா, கம்பெனியா, குடோனா?"

"எதுவும் இல்லைங்க. ஆசைக்கு."

அந்த அம்மா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார், நிஜமாகவே தேடுகிறவர்போல. "தயாரிக்க, விக்க, வைக்க, வண்டியில ஏத்த, திருவிழாவுல விட, எல்லாத்துக்கும் ஃபாரம் இருக்குங்க. ஆசைக்கு ஃபாரம் இல்லை."

படிவம் இல்லாததைத் தடையாக அண்ணன் எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். வெடிபொருள் சட்ட விதிகளை அச்செடுத்து, ஸ்பைரல் கட்டி, உரிமம் வாங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரிக்கு வரி கடைப்பிடித்தார். கொட்டகைக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை டேப் பிடித்து அளந்தார். மணல் வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். உள்ளே போகும்போது பருத்தி வேட்டி, பருத்திச் சட்டை, வெறுங்கால். மோதிரத்தையும் அரைஞாண் கொடியையும் கழற்றி வைத்தார். பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பச்சை நிறம் பெரும்பாலும் அதில்தான் வரும். எனவே அண்ணன் பச்சை வாணம் செய்வதில்லை. "கோர்ட்டு சொன்னாக் கேக்கணும்லத்தா" என்பார், கோர்ட்டுக்குத் தெரிந்தால் உள்ளே போட்டுவிடும் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதினாலும், அப்போது எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. வேலையில் இருந்தபோது இதுபோன்ற கொட்டகைகள் இருந்த இடங்களுக்குப் போயிருக்கிறேன். இருந்த இடங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடுகள் அடுத்த வயலில் கிடக்கும். செருப்பு ஏதாவது மரத்தில் இருக்கும். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் கவனமானவர்கள் என்றுதான் உறவினர்கள் சொல்வார்கள், அதைக் குறித்துக்கொள்வேன், செய்தியில் இடமிருக்காது. அண்ணனிடம் சொன்னேன். "அவங்க டேப் புடிச்சு அளந்திருக்க மாட்டாங்க" என்றார்.

பக்கத்துத் தோப்புக்காரர் எங்கள் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை. அண்ணன் வாரம் ஒரு சோதனை செய்வார்; வெடிக்கும் ஒவ்வொரு முறையும் சித்தப்பா வேலியோரம் வந்து, எங்கள் பக்கம் பார்க்காமல், தன் மாட்டைப் பார்த்துப் பேசுவார். "கேட்டியா, இன்னைக்கும் நாம செத்துப்போகலை." அண்ணனோடு நேராகப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தன் தென்னையில் பிஞ்சிலேயே குரும்பை கொட்டுவதற்கு இதுதான் காரணம் என்று ஊரில் சொல்லிவந்தார். குரும்பை எல்லோர் தோப்பிலும் கொட்டியது.

போன வருடம் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகளுக்குக் குழந்தை உண்டானது. ஒரே மகள், கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து. பிரசவத்துக்கு அண்ணனும் அண்ணியும் போவதாக முடிவானது. அண்ணியின் பாஸ்போர்ட் சரியாக இருந்தது. அண்ணனுடையது காலாவதியாகியிருந்தது. உலகத்தில் உள்ள எல்லாக் காலாவதித் தேதிகளையும் பார்த்துவந்த மனிதர் இதை மட்டும் பார்க்கவில்லை. புதுப்பிக்கப் போட்டார். காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வர வேண்டும். அப்போது அவர்மேல் வெடிபொருள் வழக்கு ஒன்று இருந்தால், வழக்கு முடியும்வரை பாஸ்போர்ட்டை மறந்துவிடலாம். குழந்தை அதுவரை காத்திருக்காது.

"கொட்டகையக் காலி பண்ணுங்க" என்று அண்ணி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லைன்னா நான் போறேன், நீங்க இங்கயே ஒங்க வாணத்துக்குப் பேறுகாலம் பாருங்க."

"காலி பண்றதுக்கும் ஒரு முறை இருக்கு. படிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார் அண்ணன்.

அவர் படித்து முடிப்பதற்குள் ஃபோன் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. திருக்கோகர்ணத்திலிருந்து நான் தேங்காய் வாங்கிப்போக வந்திருந்தேன். அண்ணி சாப்பாடு கொண்டுவந்திருந்தார்.

"ஸ்டேஷன்ல இருந்து ஏட்டு பேசுறேன். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன். வீட்டுல இருக்கீங்களா?"

"தோப்புல இருக்கேங்க."

"அப்ப அங்கிட்டே வாரேன். லொகேஷன் போடுங்க."

அண்ணன் போட்டார். அண்ணி தூக்குவாளியைக் கீழே வைத்தார். "லொகேஷன் வேற போட்டாச்சா" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் போட்டதுபோல.

ஸ்டேஷனிலிருந்து தோப்புக்கு பைக்கில் இருபது நிமிடம். கொட்டகைக்குள் செய்து முடித்த வாணங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் தண்ணீர் டிரம்மில் முக்கிவிடுவது என்று முடிவானது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. வேகத்தில்தான் தகராறு.

"மொதல்ல அந்த போர்டக் கழட்டுங்க" என்றார் அண்ணி.

"சரக்கு உள்ள இருக்கையில போர்டக் கழட்டக் கூடாது. சரக்கு வெளிய வந்தப்புறந்தான் போர்டு."

"ஏட்டு வந்துருவாரு."

"அவருக்கும் சேத்துத்தான போர்டு."

நான் கை கொடுக்கவா என்று கேட்டேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சேலைத்தா அது?"

"சிந்தெடிக்."

"அங்கிட்டே நில்லு."

அண்ணியின் நைட்டியும் அதே வகை. ஆக அண்ணன் ஒருவர்தான் தூக்க முடியும். ஒரு தடவைக்கு ஒன்று. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடாமல், கோயிலில் பிரசாதம் கொண்டுபோகிறவர்போல நடந்தார். டிரம்மில் இறக்கினார். வெறுங்கையோடு அதே வேகத்தில் திரும்பினார். திரும்பும்போதாவது ஓடக் கூடாதா என்று அண்ணி கேட்டார். "ஓடுறதுதான் பழக்கமாயிரும்" என்று பதில் வந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் ஒன்பது இருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. ஏட்டு ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர், கையில் காக்கி உறை. கொட்டகைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"அய்யா, அங்கயே நில்லுங்க" என்றார் அண்ணன். அவர் கையில் அந்த ஒன்பதில் ஒன்று இருந்தது. "ஃபோன அந்தக் கூடையில வச்சிட்டு, நோட்டுல பேரு, வந்த நேரம், என்ன வேலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

காலம் முழுவதும் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிப் பழகியவர், அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். "வேலை" என்ற கட்டத்தில் பாஸ்போர்ட் விசாரணை என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படித்தார். கைபேசி எண் வந்ததும் உறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நம்பர் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "கையில என்னங்க அய்யா?"

"வாணம்."

"லைசென்ஸ்?"

"கேட்டேங்க. ஆசைக்கு ஃபாரம் இல்லைன்னுட்டாங்க."

அண்ணி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ஏட்டு விண்ணப்பத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணைக்கென்று சில கேள்விகள் உண்டு. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் அவற்றைக் கேட்க ஆரம்பித்தார்.

"ஒங்க மேல கேஸ் எதுவும் இருக்கா?"

"இதுவரைக்கும் இல்லைங்க."

"எதுக்கு வெளிநாடு?"

அண்ணிதான் எழுந்து வந்து சொன்னார். ஒரே மகள், ஏழு வருடம், அடுத்த மாதம் தேதி. ஏட்டு கேட்டுக்கொண்டார். "அக்கம்பக்கத்துல தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லணும்" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது, அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே ஆள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். மாடுகூட இல்லாமல்.

"இவரை எத்தனை வருசமாத் தெரியும்?"

"பொறந்ததுல இருந்து" என்றார் சித்தப்பா.

"ஆளு எப்படி?"

சித்தப்பா டிரம்மைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அண்ணனை நேராகப் பார்த்தார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது அங்கே இருந்த எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

"தங்கமான மனுசன். பீடிகூடக் கிடையாது."

"இதெல்லாம்?"

"எதெல்லாம்?" என்றார் சித்தப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க எத்தன மாசம் இருப்பாரு?"

"விசாவப் பொறுத்து."

"நல்லாப் பெருசா குடுக்கட்டும். எங்கிட்டுக் கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்துப் போட்டுவிட்டு வேலிக்குத் திரும்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "கேஸப் போட்டா ஆளு இங்கிட்டுத்தான இருக்கும்? பாஸ்போர்ட்டக் குடுத்தா போயிரும்ல."

ஏட்டும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். "மிச்சத்தையும் என் கண்ணு முன்னால முக்குங்க. பொடி கிடியெல்லாம் சேத்து. நாளைக்கு வருவேன். இதுக்குள்ள தேங்கா மட்டுந்தான் இருக்கணும்" என்றார்.

அண்ணன் முக்கினார். ஓடவில்லை. கடைசியாகக் கொண்டுவந்தது பெரியது, பழுப்புக் காகிதம் ஒட்டிய உருண்டை, உரித்த தேங்காய் அளவு.

"இது என்ன கலரு?" என்று கேட்டார் ஏட்டு.

"செவப்பு. உள்ள மஞ்ச."

"ராத்திரியில எப்படித் தெரியும்?"

"ராத்திரி விட்டதில்லைங்க. சோதனை எல்லாம் பகல்லதான். இருட்டுல கால் வைக்கிற எடம் தெரியாது."

"மூணு வருசமா?"

"ஆமாங்க."

"அப்ப செவப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "விகிதப்படி செவப்புதாங்க" என்றார்.

தண்ணீரில் போட்டதும் அது மிதந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது. குமிழி நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார், அதற்கு வெகுநேரம் ஆனது. ஏட்டு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அண்ணிகூட அவசரப்படுத்தவில்லை. பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து, பலகையைக் கழற்றினார்.

பாஸ்போர்ட் வந்தது. பிரசவத்துக்கு ஒன்பது நாள் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. பிறந்த மறுநாள் அண்ணன் அழைத்தார்.

"யாரு மாதிரிண்ணே இருக்கா?"

"இன்னும் கண்ணே முழிக்கலைத்தா. விரலப் புடிச்சா விட மாட்டேங்குறா." பிறகு, "இந்த ஊருல குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. எல்லாப் படியிலயும் லைட் எரியுது. தீயணைக்கிற சிலிண்டர்ல தேதிகூடச் சரியா இருக்கு" என்றார். விடுமுறையில் வீட்டில் அடைத்துப்போட்ட பள்ளிக்கூடத்து வாத்தியார் குரல்.

"எப்ப வாரீங்க?"

"சீக்கிரமே வந்துரலாம்னு பாக்குறேன்."

அடுத்த வாரம் தேங்காய்க்காகத் தோப்புக்குப் போனேன். சித்தப்பா வேலியோரம் நின்றார். மரங்கள் நன்றாகக் காய்த்திருந்தன. ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார்.

"என்ன சொல்றாரு ஒங்கண்ணன்? எப்ப வாராராம்?"

"அங்க ரொம்பப் புடிச்சுப்போச்சாம் சித்தப்பா" என்றேன். "இப்போதைக்கு வர மாட்டாங்க போல."