வெல்லம் தின்ற கினிப் பன்றி

கினிப் பன்றி என்று பெயர்தான் பெரிய பெயர். பார்த்தால் பெருச்சாளியைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டியதுபோல இருக்கும். என் சித்தப்பா அதைப் பட்டணத்தில் ஏதோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிவந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் ஆடு உண்டு, கோழி உண்டு, நாய்க்குப் பஞ்சமே இல்லை. இப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. "இத்த இன்னாத்துக்கு வாங்கியாந்த? முட்ட வுடுமா, பால் குடுக்குமா?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா இளித்தார். அது என்ன தின்னும் என்றுகூட அவர் விசாரித்து வரவில்லை.

அப்பாவை நான் நைனா என்பேன். நைனாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்ததும் அங்கே ஆளுக்கொரு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் கொடுப்பார்கள். உள்ளே போன தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது அங்கே வேதவாக்கு. ஒழுங்கான மாஸ்க் கொடுப்பதைவிட வெல்லம் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம் என்று இப்போது வயிறெரிகிறது. அன்றைக்கோ, உலகத்திலேயே நல்ல கம்பெனி அதுதான் எனக்கு. ஏனென்றால் பழமும் வெல்லமும் நைனாவின் டிபன் டப்பாவில் எனக்கே வந்துசேரும்.

கினிப் பன்றியின் கூண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. காலையில் பார்த்தால் கூண்டின் மேல் கரித்தூள் படிந்திருக்கும். அங்கே முளைத்த புல்லிலும் அதே கரி, அதை அறுத்துப் போட எங்களுக்கு மனசு வரவில்லை. பாவம், வாயில்லாப் பிராணி, அதன் நெஞ்சிலும் தூசி சேருமே என்று நைனாவும் நானும் கவலைப்பட்டோம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? நைனா வெல்லத்தை உடைத்துத் தருவார், நான் ஊட்டுவேன். வாழைப்பழமும் பன்னும் கூடவே போகும்.

அம்மா பழவேற்காட்டு மீனைத் தெருத்தெருவாக விற்பவள். அவளுடைய முள் தராசில் கினிப் பன்றியை வாராவாரம் நிறுத்துப் பார்ப்பேன். முள் ஏறிக்கொண்டே போனது. அது ஒரு கிலோவைத் தாண்டிய அன்று தெருவே வந்து பார்த்தது. "இன்னாமே, புள்ளத்தாச்சியா இது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு முள் இறங்க ஆரம்பித்தது. எப்போது பார்த்தாலும் அது கிண்ணத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது, வாயும் அசைந்தபடி இருந்தது. ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் இடறியது. நாங்கள் வெல்லத்தைக் கூட்டினோம். அதன் வாயோரம் எச்சில் வழியத் தொடங்கியதும் நான் அழுது அடம்பிடித்து, சித்தப்பாவை மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வெல்லமா?" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பல்லும் போச்சு, குடலும் போச்சு. புல்லுதான்மா இதுக்குச் சோறு. கொய்யா, நெல்லிக்கா கொஞ்சம் குடுத்துருக்கணும். இது நோவ வெளிய காட்டாது. தின்ற மாதிரியே ஒக்காந்துருக்கும். எடை கொறையறதுதான் காட்டிக் குடுக்கும்." ஊசி போட்டார். பிழைக்கும் என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துவிட்டேன். "அது நம்மள ஏமாத்திக்கினு இருந்துச்சாம் நைனா. துன்ற மாதிரி நடிக்குமாம்!"

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா அவர் தட்டையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அவர் சட்டையைத் தூக்கினாள். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இருந்தன.

"எத்தினி நாளாய்யா இப்டி கீற?"

"அட, சூட்டு இருமல்மே. சோறு எறங்கல, அவ்ளோதான். பேஜாரு பண்ணாத."

"நாளைக்கு லீவு போடு. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பட்டணத்து ஆஸ்பத்திரி என்றால் எவ்வளவு பெரியது! கினிப் பன்றியையும் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிக் காலையில் அழுதேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளாமல் ரயிலுக்கு ஓடினார்கள். மத்தியானம் அது செத்துப்போனது. பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் மேல் கொள்ளைக் கோபத்தோடு வாசலில் காத்திருந்தேன்.

பொழுது சாய வந்தார்கள். நைனாவின் கையில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர். நெஞ்சு முழுக்கத் தூசி, இனி வைத்தியம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்பது நைனா போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

"செத்துப்பூட்ச்சும்மா," என்று துண்டை நீட்டினேன்.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெரு கூடிவிட்டது. எலி எலி என்று திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதன் மேல் இத்தனை பாசமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். என் கோபமெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. சித்தப்பா கிட்ட சொன்னா வேற ஒண்ணு வாங்கியாந்து குடுப்பாரு."