என் பூத்தில் உடைந்த நாடுகள்

எஸ்.டி.டி. பூத் நடத்துகிறவனுக்குக் காது நன்றாகக் கேட்கவேண்டும், ஆனால் எதுவும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவேண்டும். மஞ்சள் பலகைக்குக் கீழே வரிசையில் நின்று கண்ணாடிக் கதவைத் தட்டியவர்களும், என்னைப் போல் பூத் வைத்து அத்தனை பேரிடமும் பேச்சு வாங்கியவர்களும் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமங்களுக்குப் பக்கத்தில் என் கடை. இரண்டு லைன், இரண்டு கூண்டு, நடுவில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். வெளிநாட்டுக்காரர்கள் நடமாட்டம் ஜாஸ்தி. அதனால் உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் மறுநாள் என் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தைத் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தவன் நான். தலையெழுத்து, அது பின்னாலேயே கடைக்கும் வந்துவிட்டது.

பம்பாயிலிருந்து ஒரு போன்

ஈராக் படை குவைத்துக்குள் புகுந்த சமயம். அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருக்கிற கோவிந்தனின் மகன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கோவிந்தன் தினமும் சைக்கிளில் வந்து நம்பரைக் கொடுப்பார். நான் போடுவேன். லைன் செத்துக் கிடக்கும். மனுஷன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு எழுந்து போவார். திட்டிவிட்டுப் போனால்கூட எனக்குப் பரவாயில்லை என்று தோன்றும்.

ஒருநாள் மகனே என் நம்பருக்குப் பேசினான். ஜோர்டான் வரைக்கும் பாலைவனத்தில் வந்து, அங்கிருந்து விமானம் ஏறி, பம்பாயில் இறங்கிவிட்டானாம். திரும்பப் பேசச் சொல்லிவிட்டு ஆள் அனுப்பினேன். கோவிந்தன் வயலில் இருந்த கோலத்திலேயே ஓடி வந்தார். மகன் குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூட என்ன கொண்டுவருகிறாய் என்று கேட்டார். போட்டிருக்கிற சட்டை மட்டும்தான் என்று மகன் சொல்லியிருக்கவேண்டும். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “புள்ளைய உட்டானுங்களே, அதுவே பெருசுங்க. ஆனா அவன் வாங்கி வெச்சிருந்த டேப்ரிகார்டர புடுங்கிக்கிட்டானுங்களாம், அது ஈராக்காரனுக்கு எதுக்குங்க, அவனுக்கு நம்ம பாட்டு புரியவா போவுது?”

கார்கில் வீரர்கள்

இது பல வருஷம் கழித்து நடந்தது. யுத்தப் பேச்சு வந்துவிட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்கில் சண்டையின்போது நெற்றியில் மூவர்ணம் பூசிய இளைஞர்கள் நான்கைந்து பேர் ஊர்வலம் முடித்து நேராக என் கடைக்குள் வந்தார்கள். பாகிஸ்தானுக்கு ஒரு போன் போடவேண்டுமாம். யாரிடம் பேசவேண்டும் என்று கேட்டேன். யாராக இருந்தாலும் பரவாயில்லை, எடுக்கிறவனை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றார்கள். எந்தப் பாஷையில் என்றேன். அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

நான் நிமிஷத்துக்கு என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். வெளியே போய்க் கூடிப் பேசினார்கள். தலைவன் மாதிரி இருந்தவன் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அவ்ளோ ஆவுமாண்ணா? அப்ப லெட்டர் போட்டுத் திட்டிக்கறோம்.”

வரிசையில் பிரிட்டிஷ் ஆட்சி

மறுபடி பழைய காலத்துக்கு வாருங்கள். தாலுகா ஆபீசில் ரிடையராகி வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்ட சிவலிங்கம் சார் சாயங்காலம் தவறாமல் வந்துவிடுவார். மெட்ராசில் இருக்கிற மகளிடம் பேசுவார். வரிசை ஒழுங்கைப் பார்த்துக்கொள்வதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார், நான் கேட்காமலே. ஒருநாள் செம்பட்டைத் தாடிக்காரர் ஒருவர், நின்றிருந்தவர்களைக் கவனிக்காமல் நேராகக் கூண்டுக் கதவில் கைவைத்தார். சிவலிங்கம் சார் விடுவாரா? நாற்பத்தேழோடு அதெல்லாம் முடிந்துவிட்டது, வரிசையில் பின்னால் நில்லுங்கள் என்று இங்கிலீஷில் வெளுத்து வாங்கிவிட்டார்.

தாடிக்காரர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு பணிவாக ஒன்று சொன்னார். அவர் இங்கிலாந்துக்காரர் இல்லையாம், அயர்லாந்துக்காரராம். பிரிட்டிஷ்காரன் உங்கள் ஊரில் இருநூறு வருஷம்தானே இருந்தான், எங்கள் ஊரில் அதைப்போல மூன்று பங்குக்கு மேலே இருந்தான் என்றார். சிவலிங்கம் சார் முகம் மாறிவிட்டது. ஆபீசில் பைல் பார்க்கிறவர் மாதிரி ஒரு நிமிஷம் யோசித்தார். தன் இடத்திலிருந்து நகர்ந்து கதவைத் தானே திறந்துவிட்டார். “அப்ப நீங்க முன்னால போங்க சார். நம்மளவிட உங்களுக்கு சீனியாரிட்டி ஜாஸ்தி.”

பெயிண்டரின் ஆசை

என் கடைச் சுவரில் நாடுகளின் பெயரும் ஐ.எஸ்.டி. கோட் நம்பரும் எழுதிய பலகை ஒன்று உண்டு. சோவியத் யூனியன் உடைந்ததும் பெயிண்டர் மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். வடஆற்காட்டிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கியபோது ஊரிலிருந்த ஆபீஸ் போர்டுகளில் பாதியை மாற்றி எழுதியவன் அவன். சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டே ஒரு நாடு எத்தனையாக உடைந்தது என்று கேட்டான், பதினைந்து என்றேன். வேலூரிலிருந்து நாம் பிரிந்ததற்கே தனக்கு ஆறு மாசம் வேலை இருந்தது, ரஷ்யா ரொம்பப் பெரிசு, அங்கே ஆள் கேட்டால் சொல்லுங்கள் என்றான்.

சுரண்டிக்கொண்டே அடுத்த வரிக்குத் தாவினான். அது யுகோஸ்லாவியா. அதுவும் உடைகிறது என்று பேப்பரில் படித்து, அதையும் எடுத்துவிடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். அப்போது பெஞ்சிலிருந்து மிரா எழுந்து வந்தார். முப்பது வயசுப் பெண், ஆசிரமத்தில் தங்கியிருந்தார், என் கடைக்குத் தினமும் வருகிறவர். மாணிக்கத்தின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார்: “எங்கள் நாட்டை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள். நான் அம்மாவிடம் பேசவேண்டும்.”

சளி, இருமல்

மிராவின் அம்மா பெல்கிரேடில் இருந்தார். அக்கா வெஸ்னா கல்யாணமாகி ஜாக்ரெப்பில். அதுவரை ஒரே நாடு, காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. சண்டை வந்ததும் இரண்டு ஊரும் எதிரெதிர்ப் பக்கமாகிவிட்டன. நடுவில் டெலிபோன் லைனைத் துண்டித்துவிட்டார்கள். அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள வழியில்லை. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து இரண்டு ஊருக்கும் லைன் கிடைத்தது. வெஸ்னாவுக்கு அது நிறைமாசம். அதனால் மிரா தினமும் ஒரு கூண்டில் அம்மா சொல்வதைக் கேட்டு, அதே கூண்டிலிருந்து அக்காவுக்குப் போட்டுச் சொல்வார்.

ஒன்றை நான் கவனித்தேன். அம்மா நிறையப் பேசுவார், மிரா அக்காவிடம் கொஞ்சம்தான் சொல்வார். அக்கா நிறையச் சொன்னாலும் அம்மாவுக்குக் கொஞ்சம்தான் போகும். மீதியெல்லாம் எங்கே போகிறது என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். மிரா சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. அம்மா இப்போதெல்லாம் அக்காவின் பெயரைச் சொல்வதில்லை, ‘அந்தப் பக்கத்துக்காரி’ என்கிறாராம். இப்படியே போனால் குழந்தை பிறந்தாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விசாரிக்கமாட்டார்கள் என்பதுதான் அவர் பயம். “அம்மா தன் டிவி சொல்வதைச் சொல்கிறாள். அக்கா தன் டிவி சொல்வதைச் சொல்கிறாள். நான் சளி, இருமலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.”

ரப்பர் பேண்டு

பௌர்ணமி சாயங்காலம், கிரிவலம் வந்தவர்கள் கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. வெஸ்னா பெண் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்துவிட்டாள் என்ற செய்தியோடு மிரா கூண்டிலிருந்து வெளியே வந்தார். உள்ளேயே அம்மாவுக்கும் போட்டுச் சொல்லியிருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லையாம், போனையும் வைக்கவில்லையாம். அந்த ‘போனையும் வைக்கவில்லை’ என்பதில் எனக்குப் பொறி தட்டியது. கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர்க்காரர்கள் ரிசீவரை வாசல் பக்கம் நீட்டி, சிங்கப்பூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அரோகரா கேட்கவைப்பார்கள். அரோகரா போனால் குழந்தை அழுகை போகாதா? இரண்டு போனையும் மேஜைக்கு இழுத்து, ஒன்றில் அம்மாவையும் இன்னொன்றில் அக்காவையும் பிடித்து, ஒன்றின் வாய் இன்னொன்றின் காதில் படும்படி ரிசீவர்களைத் தலைமாற்றி வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன்.

இரண்டு லைனும் போய்விட்டதால் வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. சிவலிங்கம் சார் விஷயத்தைச் சொன்னார். முணுமுணுப்பு நின்றது, “என்ன கொழந்தை?” என்று மட்டும் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். ரிசீவர்களுக்கு நடுவிலிருந்து சன்னமாகக் குழந்தை அழுகிற சத்தம். பிறகு பெரியவர்கள் அழுகிற சத்தம். மிராவும் அழுதார், முன்வரிசையில் நின்ற பெண்கள் பாஷை தெரியாமலே அழுதார்கள். நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. திடீரென்று அம்மா குரல் உயர்ந்தது. அக்காவின் குரல் அதைவிட உயர்ந்தது. இருவரும் மூச்சு விடாமல் கத்தினார்கள். போச்சு, டிவிச் சண்டை ஆரம்பித்துவிட்டது, ஒரு நல்ல காரியம் செய்யப் போய் குடும்பத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து ரப்பர் பேண்டைக் கழற்றப் போனேன். மிரா என் கையைத் தட்டிவிட்டார். கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். “விடுங்கள், விடுங்கள். குழந்தைக்கு ஏன் குல்லா போடவில்லை என்று அம்மா கேட்கிறாள். உனக்கு என்ன தெரியும் என்று அக்கா கேட்கிறாள். இது எங்கள் வீட்டுச் சண்டை.”

நாடுகளைப் பிரிக்கப் பெரிய பெரிய தலைவர்களும் பட்டாளங்களும் தேவைப்படலாம், ஆனால் ஒரு தாயையும் மகளையும் மறுபடி பழையபடி சண்டை போட வைக்க ஒரு ரப்பர் பேண்டு போதும் என்பதுதான் என் பூத்தில் நான் படித்த உலக சரித்திரம்.