பானட்டு மேல ஒரு மலை

லாரித் தொழில்ல என்ஜினு மக்கர் பண்ணா ஒரு மெக்கானிக்கு போதும், பெயின்ட்டு போகாம பாத்துக்கத்தான் ஒரு குடும்பமே வேணும். வாசல்ல லாரி நிறுத்தி வச்சிருந்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், நீங்களும் பட்டிருப்பீங்க.

எழுபதுகள்ல எங்க வீட்டுக்காரர் பழைய லாரி ஒண்ணு வாங்கி, புதுசா செகப்பு பெயின்ட்டு அடிச்சாரு. அப்ப நாங்க செங்கம் ரோட்டுல, தீபம் ஏத்தற மலையடிவாரத்துல குடியிருந்தோம். கீழ்பென்னாத்தூர் மல்லாட்ட மண்டிக்காரர், அதான் வேர்க்கடல யாவாரி, வந்து, "கார்த்திக தீபம் முடிஞ்சி வந்து வண்டியப் பாக்கறேன். மேல இருக்கற பெயின்ட்டயே பாத்துக்காதவன், உள்ள இருக்கற என் மூட்டைய இன்னாத்த பாத்துக்கப் போறான்?"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த சீசன் லோடு கெடைக்கலன்னா லாரிய வித்துட வேண்டியதுதான். தொடைக்கற வேல என் தலையில விழுந்திச்சி.

காக்கா

வெயில்ல நிறுத்தினா பெயின்ட்டு வெளுத்துடும். புளியமரத்து நிழல்ல நிறுத்தினா காக்கா. எச்சம் காஞ்சிட்டா பெயின்ட்ட அரிச்சிடும், சொரண்டினா கோடு விழும். ஈரத்துணி போட்டு ஊறவச்சி, மெதுவா ஒத்தி எடுக்கணும். சோப்புத்தூளு ஆகவே ஆகாது.

தொடைக்கறதுக்குப் பழைய வேட்டி மாதிரி வராது. எங்க மாமனார் வேட்டிங்க ஒண்ணொண்ணா லாரிக்குப் போயி, கடைசியில ஒரு கல்யாணத்துக்கு மனுஷன் லுங்கியோட வந்து நின்னாரு. பொண்ணு வீட்டுக்காரங்க அவர சமையல்காரர்னு நெனச்சி கரண்டிய கையில குடுத்துட்டாங்க, அது தனிக்கத. நான் ஏணி மேல நின்னு தொடைக்கறதப் பாத்துட்டு எதிர்வீட்டு கஸ்தூரி கத்தினா: "யக்கா, லாரிய தெனம் குளிப்பாட்டறியே, ரெண்டு சொம்பு தண்ணி அண்ணன் மேலயும் ஊத்தேன்!"

கொரங்கு

பக்கத்து ரூம்ல ஒரு வெள்ளக்காரம்மா வாடகைக்கு இருந்தாங்க. ஆசிரமத்துக்குப் போவாங்க, வருவாங்க. தங்கமான மனுஷி. காலையில கொரங்குங்களுக்கு வாழப்பழம் போடுவாங்க, எங்க போடுவாங்கன்றீங்க? எங்க லாரி கேபின் மேல! கொரங்குங்க பழத்தத் தின்னுட்டு, கண்ணாடி வழியா என்ஜின் மூடி பானட்டுல சறுக்கி வெளாடும். நகம் பட்டா போச்சில்ல?

என் பழைய பொடவையப் போட்டு மூடி வச்சேன். ஒரு கொரங்கு அதத் தூக்கினு மரத்து மேல போயி, என்னை விட நல்லா சுத்திக்கிச்சி. கையக் கால ஆட்டி அந்தம்மாவுக்கு வெளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, தெரிஞ்ச தமிழ்ல சொன்னாங்க: "கொரங்கு சின்னது. லாரி பெருசு. பாவம்."

கற்பூரம்

ஆயுத பூஜ வந்திச்சி. மஞ்சளும் எலுமிச்சங்காயும் பெயின்ட்டுல கற விடுமேன்னு, குங்குமத்தக் கூட கண்ணாடியிலதான் வச்சேன். மால மட்டும் போட்டோம். பூசணிக்காய ரோட்டுல ஒடச்சிட்டுத் திரும்பறேன், டிரைவர் ஏழுமல பானட்டு மேலயே கற்பூரத்த ஏத்திட்டு, கண்ண மூடினு நிக்கறான்!

ஊதி அணைச்சிப் பாத்தா, தோச மாதிரி வட்டமா கருகிக் கெடக்குது. அழுகையே வந்துடுச்சி எனக்கு. "தட்டுல ஏத்தினா ஆகாதாடா?"ன்னு கேட்டேன். அவன் சொன்னான்: "சீசன் லோடு கெடைக்கணும்னு வேண்டிக்கினேன்மா. தட்டுல ஏத்தினா தட்டுக்கில்ல கெடைக்கும்?"

மல

பெயின்டர் காதர் பாய் வந்து பாத்தாரு. மேல பூசினா அந்த எடம் மட்டும் திட்டாத் தெரியும்னாரு. யோசிச்சிட்டு, அந்த வட்டத்துலயே நம்ம மலைய வரஞ்சி, உச்சியில தீபத்த வச்சிட்டாரு. அப்படி ஒரு அழகு! அவரே தள்ளி நின்னு தள்ளி நின்னு பாத்தாரு.

அதோட விட்டுச்சா? தீபத்தன்னிக்கு மலை சுத்த வந்த ஜனம் லாரிகிட்ட வந்து நின்னு போச்சி. ஒருத்தர் விபூதி தூவறாரு, ஒருத்தர் பூ வெக்கறாரு, ஒரு பாட்டி கற்பூரத்தயே எடுத்துட்டாங்க. நான் குறுக்கப் போயி நின்னு, "இது எங்க லாரிங்க"ன்னேன். பாட்டி மொறச்சாங்க: "லாரி உன்னுதா இருக்கட்டும்மா, மல எங்களுது. தள்ளு."

மண்டிக்காரர்

தீபம் முடிஞ்சி மண்டிக்காரர் வந்தாரு. லாரிய சுத்தினாரு, வெரலால தடவினாரு, கதவுல மொகம் தெரியுதான்னு குனிஞ்சி மீசையப் பாத்தாரு. பானட்டுகிட்ட வந்ததும் மனுஷன் செருப்பக் கழட்டிட்டாரு. கன்னத்துல போட்டுக்கினாரு. மடியிலேருந்து கற்பூரத்த எடுத்தாரு!

நான் யோசிக்கவேயில்ல. உள்ள ஓடி, இட்லி வச்சிருந்த தட்டக் கவுத்துட்டு எடுத்தாந்து, அவர் கைக்கும் பானட்டுக்கும் நடுவுல நீட்டிட்டேன். பின்னாடி ஏழுமல, "போச்சி"ன்னான். மண்டிக்காரர் தட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, அப்புறம் வயிறு குலுங்க சிரிச்சாரு: "சாமி கும்பிடறவனையே தடுக்கறவங்க, மழைய என் மூட்ட மேல உட்டுடுவீங்களா? நாளைக்கே லோடு ஏத்துங்கம்மா!"

காக்காவயும் கொரங்கயும் வெரட்டி பெயின்ட்டக் காப்பாத்திடலாங்க, பக்தி கெளம்பி வந்தா மட்டும் கையில ஒரு தட்டு இருக்கணும்.