எந்த ரிவிஷன், ஸ்டெல்லா மிஸ்?

நேற்று எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ரிவிஷன் தேர்வு தள்ளிப்போய்விட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. கிளப்பியது நான்தான்.

அதுவும் என் மார்பை வைத்து. (இருங்கள், சொல்கிறேன்.)

சில வருடங்களுக்கு முன் இரண்டு பக்கமும் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். கேன்சரா என்று பதறாதீர்கள், இல்லை. ஆசைப்பட்டேன், வைத்துக்கொண்டேன். கோடை விடுமுறையில் முடிந்த காரியம் என்பதால், சாந்தோம் பக்கம் நான் அறிவியல் எடுக்கும் பள்ளியில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஆரம்பத்தில் சொன்ன பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. போன வருடம் வலது பக்கம் இறுக ஆரம்பித்தது. தொட்டால் கெட்டியாக இருக்கும். குப்புறப் படுக்க முடியாது. கையைத் தூக்கினால் சுருக்கென்று இழுக்கும்.

அடையாறில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர், நிதானமாகப் பேசினார்.

"இம்ப்ளான்டைச் சுத்தி உடம்பே ஒரு சவ்வு கட்டிக்கும் மேடம். எல்லாருக்கும் கட்டும். உங்களுக்கு அது இறுகிப்போச்சு. ரிவிஷன் சர்ஜரி, அதாவது மறு ஆபரேஷன் பண்ணணும்."

இரண்டு வழி சொன்னார். பழசை எடுத்துவிட்டுப் புதிது வைப்பது ஒன்று. எடுத்ததோடு விட்டுவிடுவது இன்னொன்று.

"புதுசு வெச்சா திரும்ப இறுகாதா டாக்டர்?"

"இறுகவே இறுகாதுன்னு என்னால எழுதித் தர முடியாது. எதுவுமே ஆயுசுக்கும் வராது, பிற்பாடு மாத்த வேண்டி வரலாம். வெறுமனே எடுத்தா கொஞ்சம் தொய்ஞ்ச மாதிரி தெரியும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். புதிது வைத்தால் என்றைக்காவது மறுபடி கத்தி. எடுத்துவிட்டால் கண்ணாடி முன்னால் எப்படி நிற்பேன் என்று பயம். ஆசையாக வாங்கிக்கொண்ட உடம்பு, லேசில் விட மனசு வரவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"உன் இஷ்டம்மா" என்றார், டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல். (உலகத்திலேயே உபயோகமில்லாத பதில்.)

முடிவெடுக்கத் தெரியாதவர்கள் செய்வதையே நானும் செய்தேன். ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டேன். அப்புறம் இன்னொரு தடவை தள்ளிப்போட்டேன்.

நேற்று மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தபடியே மறுபடியும் கிளினிக்குக்கு போன் போட்டேன்.

"ரிவிஷனை அடுத்த மாசத்துக்குத் தள்ளிடலாமா மேடம்?"

பின்னால் கணக்கு வாத்தியார் லூர்து சார் டிபன் பாக்ஸோடு நின்றதை நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பத்தாம் வகுப்பில் கைதட்டல். கடைசி பீரியடில் தலைமையாசிரியை சிஸ்டரிடம் இருந்து அழைப்பு.

"ஸ்டெல்லா மிஸ், ரிவிஷன் தள்ளிப்போச்சாமே. எனக்கே தெரியாம யாரு தள்ளினது?"

லூர்து சாரும் அங்கேதான் நின்றார். "நீங்கதான மிஸ் போன்ல சொல்லிக்கினு இருந்தீங்க? ஆபீஸ்ல பேசறீங்கன்னு நினைச்சேன்."

பொய் நாக்கு நுனி வரை வந்தது. (அக்கா பையனுக்கு டியூஷனில் ரிவிஷன் என்று.) ஆனால் பொய்யை வளர்த்துக்கொண்டே போகத் தெம்பில்லை. சாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன்.

"சிஸ்டர், அது பரீட்சை ரிவிஷன் இல்ல. எனக்கு ஆபரேஷன்."

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கன்னியாஸ்திரியிடம் சிலிகான் பற்றிப் பேசுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அடுத்து பிரசங்கம் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வலிக்குதா?" என்றார்.

டாக்டரைத் தவிர யாரும் கேட்காத கேள்வி. சொல்லப்போனால் நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி. தொய்வு தெரியுமா, தழும்பு தெரியுமா என்றே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குது சிஸ்டர். போர்டுல மேல எழுதவே முடியல."

"அதான் பாதி போர்டுலயே எழுதறீங்களா? பின்னாடி பெஞ்சுக்குத் தெரியலன்னு பிள்ளைங்க சொல்றாங்க. உங்களைக் கூப்பிட்டு சத்தம் போடணும்னு இருந்தேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுதேன்தான், மறைப்பானேன்.

"மெடிக்கல் லீவுன்னு மட்டும் எழுதுங்க, வேற ஒண்ணும் எழுத வேணாம். ஆனா பரீட்சை தள்ளலன்னு நீங்களே கிளாஸ்ல போய் சொல்லிடுங்க."

(போய்ச் சொன்னேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.)

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எடுத்துடறேன். புதுசு வேணாம். வலியில்லாம இருந்தா போதும்."

டிவியை அணைத்தார்.

"அப்பாடா."

"இன்னாது அப்பாடா? உன் இஷ்டம்னுதான சொன்னீங்க?"

"போன தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல தனியா ஒக்காந்துக்கினு இருந்தது எனக்குத்தான் தெரியும். புதுசு வெச்சா மறுபடி ஒரு தடவ அங்க ஒக்காரணும். வேணாம்னு சொன்னா, நீ ஆசப்பட்டு செஞ்சத கொற சொல்றேன்னு நினைச்சுப்பியோன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் டிவியைப் போடவில்லை.

காலையில் கிளினிக்குக்குப் பேசி, நேற்று தள்ளக் கேட்டதை விட்டுவிட்டுப் பழைய தேதியையே உறுதி செய்துவிட்டேன். பயம் போகவில்லை, தேதி மட்டும் மாறாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. ஒன்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை. இம்ப்ளான்டை எடுத்துவிட்ட தோழிகள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்: பழைய ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடித்துத் தைத்தீர்களா, இல்லை புதிதாகவே அளவு கொடுத்தீர்களா?