ஜீப்புக்கு அடியில் கேமரா வைத்த மரகதம் அண்ணி

பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது செருப்பு விடும் இடத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கோயில் பக்கமே வராதவர். "அக்கா போயிட்டாங்க" என்றார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அன்று மதியம் எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டுக்கு நான் போவதாக இருந்தது. ஜீப்புக்கு அடியில் கேமராவைப் பொருத்தும் வேலையை அன்றாவது முடித்துவிடலாம் என்று அவரேதான் வரச் சொல்லியிருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் மரகதம் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கால்நடை மருத்துவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் பச்சைமலையின் கடைசி ஊர்வரை போய் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. அதற்கு மேல் வெறும் பாறை. அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கித் தானே ஓட்டினார். சாமி நம்பிக்கை கிடையாது. நான் புளியோதரை கொண்டுபோய்க் கொடுத்தால் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மியா இருக்கே, உங்க பெருமாளுக்கு பிபியா?" என்பார்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் குத்துக்காலிட முடியவில்லை. முன்பெல்லாம் பாறைக்குப் பாறை இறங்கி, குனிந்து அடியைப் பார்த்துத்தான் வண்டியை நகர்த்துவார். அது முடியாமல் போனதும் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி இரண்டு முறை பாறையில் அடிபட்டு உடைந்தது. இன்னொரு தரம் உடைந்தால் ஜீப்பை விற்றுவிட வேண்டும், அடியில் இருப்பது தெரியாமல் ஓடையில் இறங்கக் கூடாது என்று என் கணவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஜீப் போனால் மலையும் போச்சு. அதனால்தான் கேமரா.

என்னை ஏன் கூப்பிட்டார் என்று பலரும் கேட்டார்கள். நான் பத்தாவதைத் தாண்டாதவள். ஆனால் எந்தச் சாமான் வாங்கினாலும் கூட வரும் காகிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பேன். "கணக்கு எழுதற ஆள்தான் எனக்கு வேணும் ரெங்கு. எதை மாத்தினோம், என்ன ஆச்சுன்னு எனக்கு ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது" என்றார்.

முதலில் வாங்கிய காந்தக் கேமரா மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. அடுத்ததை உறையூர் மெக்கானிக் ஒருவர் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினார். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் படம் வந்தது. அது வண்டியைப் பின்னால் எடுப்பதற்கான கேமரா, ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார்.

"அப்ப மலையப் பின்பக்கமாவே ஏறச் சொல்றீங்களா தம்பி?"

"ஏறலாம் மேடம். கழுத்துதான் வலிக்கும்" என்றார் அவர், சிரிக்காமல்.

வயரை மாற்றினோம். பிறகு படம் விட்டுவிட்டு வந்தது. கரண்டுக்குத்தான் வயர், படத்தை வயர் இல்லாமல் அனுப்பும் கேமரா அல்லவா, நடுவில் இருந்த இரும்புத் தரை சிக்னலை மறைத்தது. ஆன்டெனாவைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுவந்த பிறகுதான் படம் ஒருவழியாக விடாமல் வந்தது. அதற்குள் என் புடவைகளில் பாதி கிரீஸ் கறை.

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையில் மலையிலிருந்து போன். அந்தக் கடைசி ஊர்ப் பொன்னியின் பசுவுக்குக் கன்று மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. கிளம்பினோம். ஓடைக்கரையில், ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டியிருந்த கேமராத் திரையைப் போட்டால் ஒரே மஞ்சள். சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்தோம். ஆன்டெனாவைத் திருப்பினேன், கழற்றினேன், மாட்டினேன். அண்ணி எல்லா வயரையும் பிடுங்கிச் செருகினார். தம்பிக்குக் கொடுத்த சத்தியம், வண்டியை இறக்க மாட்டேன் என்றார். நடந்து போகவும் முழங்கால் விடாது. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் நானே சரளையில் மல்லாந்து படுத்து அடியில் புகுந்து பார்த்தேன். கேமராவின் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பொட்டு வச்சிருக்கு அண்ணி."

முந்தின நாள் யாரும் இல்லாதபோது அவரே வைத்திருக்கிறார், மெக்கானிக் விட்டுப்போயிருந்த சக்கரப் பலகையில் படுத்து உள்ளே உருண்டுபோய். "எல்லாத்துக்கும் வச்சேன். அத மட்டும் எப்படி விடறது?" என்றார் மெதுவாக.

முந்தானையால் துடைத்ததும் படம் வந்தது. ஓடையைத் தாண்டினோம். பசுவைக் காப்பாற்றினார். கன்று செத்துத்தான் வந்தது. மலையிறங்கித் துறையூர் வந்ததும் சொன்னார். "அரை நாள் போச்சு ரெங்கு. ஒரு பொட்டுல."

அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் சேறு படியாமல் இருக்க ஒரு தகர மூடாக்கு, கழுவ ஒரு சின்னத் தண்ணீர்க் குழாய் என்று தயார் செய்யத் தொடங்கினார். அதைத்தான் அன்று மதியம் மாட்டுவதாக இருந்தோம்.

காரியத்தன்று பொன்னி பஸ் பிடித்து வந்திருந்தாள். அழவில்லை. "இனிமே யாரும்மா வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். என் கணவர் அதற்குள் ஜீப்பை விற்கப் புரோக்கரிடம் சொல்லிவிட்டிருந்தார். எனக்கு எல்லார் மேலும் கோபம். போனவர் மேலும்தான். "வித்துக்குங்க. ஒரு தரம் மேல போயிட்டு வந்து வித்துக்குங்க" என்றேன்.

மூடாக்கை நானும் என் கணவரும் மாட்டினோம். துறையூரில் அண்ணியிடம் தொழில் பழகிய ஒரு பெண் டாக்டர் வரச் சம்மதித்தார். என் கணவர் ஓட்டினார். ஓடைக்கரையில் நிறுத்தி, "என்ன தெரியுது?" என்று என்னைக் கேட்டார்.

"இடது சக்கரத்துக்கு முன்னாடி பெரிய கல்லு. வலது பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம்."

இத்தனை மாதம் எங்களைப் படுத்திய படம் அன்று ஒரு முறைகூட நிற்கவில்லை. பாசி, கூழாங்கல், தண்ணீரில் சக்கரம் உருளுவது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. பார்க்க வேண்டியவர் இல்லை. எனக்குத் திரையையே உடைக்கலாம் போல இருந்தது. அக்கரை ஏறியதும் என் கணவர் எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்: "புரோக்கர்ட்ட வேணாம்னு சொல்லிடு."

அண்ணி, ஜீப் மேலே போய்விட்டது. ஆயில் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களைப் பெருமாள் திருவடியில் ஒப்படைத்திருக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். பரவாயில்லை, போயிட்டு வாங்க.