அக்காவின் குழாய்க் கிழங்கு

என் அக்கா சாப்பிடுவதைப் பார்த்தால், வயிறு நிறைந்தவனும் இன்னொரு தட்டு கேட்பான். அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் என்னை நான்கு வருஷம்தான் பார்த்தது. அதனால் என்ன, இந்த ஊரின் பெரிய விடுதிகளில் ஒன்பதின் படுக்கை விரிப்புகள் என் சலவை நிலையத்தில்தான் வெளுக்கின்றன. இரண்டு வாளியும் ஒரு இஸ்திரிப் பெட்டியுமாக ஆரம்பித்தவன் நான். சரியாகச் சொன்னால் நாங்கள். வாளி என் கையில், பெட்டி அக்கா கையில்.

அவள் மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டுகிறவனுக்கு நிலையத்தையே எழுதித் தருவேன் என்று சவால் விட்டிருக்கிறேன். யாரும் வரவில்லை. அத்தான் வண்டியில் துணி ஏற்றிய காலத்திலும் சரி, அவர் காலமான பிறகும் சரி, காலை ஏழு மணிக்கு மேசை முன்னால் நிற்பாள். லீவு கேட்டதில்லை, விசிறி கேட்டதில்லை. அவள் தனக்கென்று விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். பகல் ஒரு மணிக்கு ஒரு உருளைக்கிழங்கு.

பாய்லரிலிருந்து இஸ்திரி அறைக்கு நீராவி கொண்டுபோகும் இரும்புக் குழாய் சுவரோரமாக ஓடும். பத்து மணிக்கு வேலையாட்கள் ஆளுக்கொரு கிழங்கைத் துணியில் சுற்றிக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். ஒரு மணிக்கு வெந்திருக்கும். அக்கா கத்தியைத் தொடமாட்டாள். கிழங்கை மேசையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு; அது வாயைப் பிளக்கும். ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு வெண்ணெய், கல் உப்பு, மிளகுத்தூள். வெண்ணெய் உருகி ஓரத்துக்கு வரும்வரை பொறுத்திருப்பாள். அந்த நேரத்தில் முதலாளி நான் கூப்பிட்டாலும் ஒரு விரல்தான் மேலே போகும், இரு என்று. மாவு மாதிரி இருக்கும் உள்பாகத்தை முதலில் தின்று, வெண்ணெய் ஊறிய தோலைக் கடைசிக்கு வைப்பாள். தோலை மெல்லும்போது கண் மூடியிருக்கும்.

குழாயில் கிழங்கு வேகும் என்று கண்டுபிடித்தவன் நான்தான் என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அக்கா மறுத்ததில்லை. அவளுக்குத் தின்பதில்தான் அக்கறை.

மூன்று வருஷத்துக்கு முன் புது பாய்லர் வாங்கினேன். மாட்ட வந்த இன்ஜினியர், சூடு வீணாகிறது என்று சொல்லிக் குழாய் முழுக்கப் பஞ்சு சுற்றி மேலே தகரம் அடித்தார். பளபளவென்று இருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. கிழங்கு நின்றுபோனது. அந்த மாதமே அக்காவும் முழங்கால் வலி என்று வீட்டோடு இருந்துவிட்டாள். இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. புண் ஆறியது, பசி மட்டும் திரும்பவில்லை. ரொட்டி, முட்டை, சூப் என்று அவள் மகள் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. எடை இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் இறங்குவது நிற்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எதற்கும் அசையாத அக்கா அன்று என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அங்க மட்டும் வேணாம்டா."

"நான் இருக்கிறப்ப நீ எதுக்கு பயப்படுற? என்ன வேணும் சொல்லு, வானத்துல இருந்தாலும் இறக்கிடறேன்."

"வானத்துல ஒண்ணும் இல்ல. பைப்புல வெந்த கிழங்கு இருந்தா திம்பேன்."

அவள் மகள் ஓடிப்போய் அடுப்பில் சுட்டு எடுத்து வந்தாள். அக்கா முகர்ந்து பார்த்துத் தட்டைத் தள்ளினாள். "இது தீயில வெந்தது. காஞ்சு கிடக்கு."

நான் நேராக நிலையத்துக்குப் போனேன். ரம்பத்தை எடுத்து, வால்வுக்குப் பக்கத்தில் இரண்டு முழம் தகரத்தை அறுத்துப் பஞ்சைப் பிய்த்தெடுத்தேன். பாய்லர்காரர் பதறிப்போனார்.

"ஐயா, இன்ஜினியர் பார்த்தா சத்தம் போடுவாரு."

"போடட்டும். அவரு பொறக்கிறதுக்கு முன்னாடியே இந்த பைப்புல சமைச்சவன்யா நான்."

புதுத் துண்டாகப் பார்த்து நாலு கிழங்கைச் சுற்றினேன், வால்வுக்கு மேலே வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து அக்கா முன்னால் கொண்டுபோய் வைத்தபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவள் ஒரு தட்டு தட்டினாள். பிளக்கவில்லை. இன்னொரு தட்டு. நடுவே பச்சையாகக் கல் மாதிரி இருந்தது.

"எங்க வெச்ச?"

"வால்வு மேல."

"துணி?"

"புதுத் துண்டு. நல்ல கெட்டித் துண்டு."

"நனைச்சியா?"

"நனைக்கணுமா?" என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுவை நடந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாப்பது வருஷமா நான்தான் கண்டுபிடிச்சேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச. உனக்குத் தின்ன மட்டும்தான்டா தெரியும்." மகளைப் பார்த்துத் திரும்பினாள். "என் செருப்ப எடு."

"அம்மா, படி இறங்கணும். முடியுமா உன்னால? மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"அவன் என்னத்த சொல்லுவான், கிழங்கே வேகல."

மறுநாள் காலையில் அக்காவை வண்டியில் வைத்து அழைத்து வந்தோம். இஸ்திரி அறையில் நாற்காலி போட்டோம். பலமுறை துவைத்து நைந்த தலையணை உறை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நனைத்து, பிழிந்தும் பிழியாமலும் கிழங்குகளை இரண்டு சுற்று சுற்றினாள். குழாய் சுவரைத் தொட்டுத் திரும்பும் வளைவைக் கைத்தடியால் காட்டினாள். அங்கேதான் சூடு தங்குமாம். அந்த இடத்திலும் தகரத்தை அறுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் திருப்பி வைக்கச் சொன்னாள்.

வேகும்வரை அவளால் சும்மா இருக்க முடியவில்லை. உறைகளை மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். எண்பது உறை மடித்திருப்பாள். பன்னிரண்டரைக்கு ஈரத் துணியும் கிழங்கும் கலந்த அந்த வாசனை அறையில் பரவியது. அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்தாள். "மணி என்னடா?" என்றாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி கேட்டாள். பசித்தவர்கள்தான் மணி கேட்பார்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு தட்டு. பிளந்தது. ஆவி, வெண்ணெய், உப்பு, மிளகு. அவள் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விரல் மேலே போனது. ஒன்றைத் தோலோடு முடித்தாள். என் தட்டிலிருந்து பாதியை இழுத்துக்கொண்டாள்.

"நீ பேசிக்கிட்டே தின்னுவ. ஆறிடும்."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் தினமும் வந்தாள். திங்கட்கிழமை எடை இறங்கவில்லை. இருநூறு கிராம் கூடியிருந்தது. டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்தார்.

இன்ஜினியர் போன வாரம் வந்தார். அறுத்த தகரத்தைப் பார்த்து வாய் திறக்கப்போனார். மணி அப்போது ஒன்று. உட்காரவைத்து ஒரு கிழங்கு கொடுத்தோம். தின்று முடித்தவர், அந்த வளைவை மட்டும் திறந்தே வைக்கலாம், சூடு பெரிதாக ஒன்றும் போய்விடாது என்றார்.

இப்போது யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிழங்கைக் கண்டுபிடித்தவள் அக்கா. குழாய் என்னுடையது.