புரியாதவள் போல்

எனக்குப் புரிந்தது. அவள் சொன்ன அந்தக் கணமே புரிந்துவிட்டது. புரியாதவள் போல் நடித்தேன். இதைத்தான் இத்தனை காலம் மறைத்தேன்.

எழுபதுகளின் நடுவில், திருவிடந்தைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்துச் செங்கல்பட்டிலிருந்து வந்தேன். தனியாக வந்த பெண்ணுக்கு யார் வீடு தருவார்கள்? என்னிடம் எட்டாவது படித்த வசந்தாவின் அப்பாதான் தம் வீட்டுப் பின்கட்டு அறையைக் கொடுத்தார்.

ஒருநாள் பிள்ளைகளுக்கு, மனிதர்கள் ஜாடையாகப் பேசுவதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். "பக்கத்து வீட்டம்மா வந்து, 'எங்க வூட்ல காப்பித்தூள் தீந்துபூட்ச்சி'ன்னா என்ன அர்த்தம்?"

"கடன் கேக்குது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. எனக்கு ஒரே பெருமை!

வசந்தா எழுந்தாள். "அதுக்கு இந்த வூட்டம்மா புரியாத மாரி வேற எதுனா பேசிகினு இருந்தா, டீச்சர்?"

"அதுவும் பதில்தான். முடியாதுன்னு அர்த்தம்." நானேதான் சொன்னேன்... என் வாயால்!

சில வாரம் கழித்து, அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். சற்றுத் தள்ளி அவள் அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நேத்து எங்கம்மா என்னிய கோயிலுக்கு இட்டுகினு போச்சி. மாலை போட்டு சுத்த வச்சாங்க."

திருவிடந்தைக் கோயிலில் எதற்கு மாலை போட்டுச் சுற்றுவார்கள்? கல்யாணம் கூடிவரத்தான். இந்தக் கடற்கரையில் அது தெரியாதவர் யார்?

பிறகு மெல்லக் கேட்டாள். "ஒம்பதாவது புஸ்தகம் ரொம்ப தடியா இருக்குமா, டீச்சர்?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை, 'என்னைப் படிக்க விடச் சொல்லுங்கள்' என்று கெஞ்சுகிறாள்... அப்பாவை வைத்துக்கொண்டே, நான் கற்றுக்கொடுத்த வழியில்!

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊரெல்லாம் சொல்கிற மனிதர் அவர். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்து, அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? நான் எங்கே போவேன்? பயந்தேன். சுயநலம்தான், வேறென்ன!

"என்னா வெயில்... தண்ணி எவ்ளோ கீழ போயிடுச்சி பாரேன்" என்றேன்.

வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. "சரி டீச்சர். புரிஞ்சிட்ச்சி." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முழுப்பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். நானும் அட்சதை போட்டேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தேன்!

நான் தடுத்திருந்தால் மட்டும் நின்றிருக்குமா என்று நீங்கள் எனக்காகக் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், மனம் ஆறவில்லை. பாவம், டீச்சருக்குப் புரியவில்லை என்று அவள் நினைத்திருந்தாலாவது... அதற்கும் வழியில்லை. அந்தப் பாடத்தை அவள் அளவுக்கு யாருமே கற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகும் வருஷாவருஷம் அதை நடத்தினேன். காப்பித்தூள் வரைக்கும் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். யாராவது கேள்வி கேட்க எழுந்தால் மட்டும், "உட்காரு, நேரமாச்சு" என்று புத்தகத்தை மூடிவிடுவேன்.